மட்டக்களப்பு, அம்பாறையில் காலனி ஆட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை பார்க்க வருகிறவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். காணி பற்றியவை எல்லாவற்றிலும் நீளம், ஏனென்றால் அந்த ஆட்சிகள் இன்றைக்கும் நம் வீட்டுக்குள் வந்து நிற்பது காணி வழியாகத்தான்.

மட்டக்களப்பை ஆண்ட வெள்ளையர் யார் யார்? எந்தக் காலம்?

போர்த்துக்கேயர் 1505இலேயே இலங்கைக் கரையைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல்தான். 1638 மே 18 அன்று ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1643இல் கண்டி மன்னரிடம் திருப்பிக் கொடுத்து, 1660களில் மறுபடியும் வந்து அமர்ந்துகொண்டார்கள். 1795இல் பிரித்தானியர் கைக்கு மாறி, 1948 பெப்ரவரி 4 வரை அவர்களிடம் இருந்தது.

இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு முந்நூறு வருடமும் கிழக்கு முழுவதையும் வெள்ளையர் ஆண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் நூறு, நூற்றைம்பது வருடம் அவர்கள் கையில் இருந்தது ஒரு தீவும் ஒரு கோட்டையும் கொஞ்சம் கரையும்தான். வயலும் காடும் கோவிலும் வன்னிமைகள் என்ற உள்ளூர்த் தலைவர்கள், போடிமார் என்ற பெரிய நிலக்காரர் கையில் இருந்தன. அவர்கள் கண்டி மன்னருக்குத் திறை செலுத்தினார்கள்.

ஒல்லாந்தர் இலங்கைக்கு முதலில் வந்தது மட்டக்களப்புக்குத்தான் என்பது உண்மையா?

கண்டி மன்னரோடு உறவு தேடி வந்த முதல் பயணத்தைச் சொன்னால், உண்மை. 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற தளபதியின் கப்பல்கள் மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டன. மேற்குக் கரை போர்த்துக்கேயர் பிடியில் இருந்ததால், கண்டி மன்னரைப் பார்க்க விரும்பும் எவருக்கும் கிழக்குத்தான் வாசல். ஸ்பில்பேர்கன் இங்கிருந்து மலையேறிப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். இருவருக்கும் பொது எதிரி இருந்ததால் பேச்சு சுமுகமாகவே போனது.

அடுத்த வருடமே அது கெட்டது. 1603இல் வந்த சேபால்ட் டி வேர்ட், பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்தது மன்னருக்குக் கோபத்தை மூட்டியது. வாக்குவாதம் முற்றி, அவரும் கூட வந்தவர்கள் பலரும் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டார்கள். மறுபடி பெரிய அளவில் கூட்டுச் சேர முப்பத்தைந்து வருடம் பிடித்தது.

1638 உடன்படிக்கையை ஏன் ஏமாற்று என்கிறார்கள்?

இந்தக் கதையை நம் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். நடந்தது நம் ஊரில்.

இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரின் கடற்படையை அழைத்தார். அட்மிரல் வெஸ்டர்வோல்ட் வந்து கோட்டையைப் பிடித்தார். ஐந்து நாள் கழித்து, மே 23 அன்று, மட்டக்களப்பில் உடன்படிக்கை கைச்சாத்தானது. யுத்தச் செலவை மன்னர் கறுவாவாகவும் மிளகாகவும் கொடுப்பது, வியாபாரத்தில் ஒல்லாந்தருக்கு முதலிடம் என்பவை அதில் இருந்தன. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது பற்றியும் ஒரு வாசகம் இருந்தது. மன்னரிடம் இருந்த பிரதியில் "மன்னர் விரும்பினால்" என்ற நிபந்தனை உண்டு. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அது இல்லை.

இரண்டு மூன்று சொல்தான். ஆனால் 1640இல் காலி விழுந்தபோதும், 1656இல் கொழும்பு விழுந்தபோதும் அந்தக் கோட்டைகள் மன்னருக்குக் கிடைக்கவில்லை. செலவு தீரவில்லை என்று சொல்லி ஒல்லாந்தர் உட்கார்ந்துவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழி இதைத்தான் சொல்கிறது. மன்னரும் சளைத்தவரல்ல, ஒல்லாந்தரை வைத்துப் போர்த்துக்கேயரை அடிக்கத் திட்டமிட்டவர்தான். ஆனால் எழுத்தில் ஒன்று, செயலில் ஒன்று என்று நடந்தது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிதான். அதை மழுப்பத் தேவையில்லை.

கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

பெரிய கோட்டை என்று எதிர்பார்த்து வராதீர்கள். காலிக் கோட்டையோடு ஒப்பிட்டால் இது ஒரு முற்றம். புளியந்தீவின் ஓரத்தில், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, மூலைக்கொரு கொத்தளம். வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. வாவியைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள். நாலரை அடி உயரத்தில் நின்று பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அந்தப் பீரங்கி வாயில் தலை வைக்கத்தான் தோன்றும், தடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தச் சுவருக்குள் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி பல காலம் நடந்தது. காணி, ஓய்வூதியம், நிவாரணம் என்று நம் பெற்றோர் வரிசையில் நின்றது ஒல்லாந்தர் கட்டிய மதிலுக்குள்தான்.

பறங்கியர் யார்? அவர்கள் பேசும் மொழி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பறங்கியர் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழி வந்தவர்கள். மொழி இருக்கிறது. போர்த்துக்கேய மொழியும் உள்ளூர்ப் பேச்சும் கலந்து உருவான கிரியோல் மொழி அது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில குடும்பங்கள் இன்னும் வீட்டில் பேசுகின்றன.

இதில் வியப்பு என்னவென்றால், மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடம் இருந்தது பத்தே வருடம். அந்த மொழி நானூறு வருடத்தை நெருங்குகிறது. காரணம், ஒல்லாந்தக் கம்பனியின் சிப்பாய்களும் எழுத்தர்களும் போர்த்துக்கேய வழிப் பெண்களைத் திருமணம் செய்தார்கள். அடுக்களையில் அம்மா பேசியது போர்த்துக்கேயம், பிள்ளையும் அதையே பேசியது. கந்தோரில் ஒல்லாந்தம், வீட்டில் போர்த்துக்கேயம் என்று ஒல்லாந்தர் காலம் முழுக்க ஓடியது. பெண்கள் காப்பாற்றிய மொழி என்று தயங்காமல் சொல்லலாம்.

மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் கத்தோலிக்கர். தச்சு, கொல்லு, தையல், சப்பாத்துத் தொழில், பிறகு இயந்திர வேலை என்று கைத்தொழிலில் பேர் எடுத்தவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் ஆடக் கண்டவர்களுக்கு பைலாவின் வேர் எங்கே என்று விளங்கும். கொழும்பில் ஆங்கிலம் பேசி வாழ்ந்த ஒல்லாந்தப் பறங்கியரில் நிறையப் பேர், சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956க்குப் பிறகு, அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். இங்குள்ளவர்கள் தமிழ் பேசி, தமிழில் படித்து, இங்கேயே இருந்தார்கள்.

2004 சுனாமி அவர்கள் வாழ்ந்த டச்பார் கரையைத் துடைத்துப் போட்டது. மிஞ்சியவர்களில் பலர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். ஒரே தெருவில் வாழ்ந்த ஒரு சின்னச் சமூகம் சிதறினால் மொழி எப்படி நிற்கும்? லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் பிள்ளைகள் பேசினால்தான் மொழி. அதற்கு நம் பாடசாலைகளும் கோவில் சபைகளும் அவர்களை அயலவராக இன்னும் கிட்ட வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்த்துக்கேயர் கோவில்களை இடித்தார்களா?

திருகோணமலையில் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தது வரலாறு. நம் பக்கத்தில் திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோவில் அவர்களால் அழிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

கொக்கட்டிச்சோலைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்குள்ள தான்தோன்றீச்சரம் கோவிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, "உங்கள் கல் மாடு புல் தின்னுமா?" என்று கேட்டான். பூசகர் புல்லை வைத்தார். கல் நந்தி எழுந்து தின்று சாணமும் போட்டது. அவன் பயந்து ஓடினான். இதை ஆவணத்தில் தேடாதீர்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்கள் தங்கள் கோவில் நின்றதற்குச் சொல்லும் காரணம் இது. வாவிக்கு அப்பால் வெள்ளையன் கை நீளவில்லை என்ற நினைவு அதற்குள் இருக்கிறது, அது வரலாற்றோடும் ஒத்துப்போகிறது.

கிழக்கு முஸ்லிம்கள் போர்த்துக்கேயர் துரத்தியதால்தான் இங்கே வந்தார்களா?

முழுக்க அப்படியில்லை. வணிகத்தாலும் திருமணத்தாலும் அதற்கு முன்பே இந்தக் கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். 1626 அளவில் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களை ஏற்று, சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். இன்றைக்குக் காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ குடி, அதாவது குலப் பிரிவு, எது என்று கேட்டால் தாய் வழியில்தான் சொல்வார்கள், தமிழரைப் போலவே.

இங்கே தேயிலை இல்லை. பிரித்தானியர் நம்மை என்ன செய்தார்கள்?

முதலில் பாதையாகப் பயன்படுத்தினார்கள். கண்டியோடு போர் நடந்த 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் சுமார் 300 பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டி வரை போனார். வேறு திசைகளிலிருந்து வர வேண்டிய படைகள் வரவில்லை. சண்டையிட்டபடி திருகோணமலைக்குத் தப்பினார்.

பிறகு நெல். ஒல்லாந்தர் காலத்திலேயே, 1784 முதல் 1794 வரை இங்கே தலைவராக இருந்த யாக்கோப் பர்னாண்ட் நெற்செய்கையில் அக்கறை காட்டினார். பிரித்தானிய ஆளுநர் ஹென்றி வார்ட் 1850களில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். 1856 நீர்ப்பாசனச் சட்டம் பழைய ஊர் முறையைத் திரும்ப உயிர்ப்பித்தது. வட்டையில், அதாவது வயல்வெளியில், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் பதவி இன்றும் இருப்பதில் அதற்குப் பங்குண்டு. இது நன்மைதான், நன்மை என்றே சொல்வோம். விளைந்த நெல்லுக்கு வரியும் எடுத்தார்கள், 1892 வரைக்கும்.

மிஞ்சியது வேறு. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், காடு, தரிசு, யாரும் இல்லாத நிலம் எல்லாம் அரசுடையது என்று எழுதிவைத்தது. சேனை செய்து, இரண்டு போகம் எடுத்து, நாலைந்து வருடம் ஆற விடுகிற காணிக்கு யாரிடம் உறுதிப் பத்திரம் இருந்தது? உறுதி இல்லாத நிலம் முடிக்குப் போனது. 1948இல் முடி போனது, சட்டம் போகவில்லை. நாட்டின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் இன்றும் அரச காணி. மேய்ச்சல் தரைக்காக இன்று கச்சேரி வாசலில் நிற்கிற மாட்டுக்காரர் சண்டை பிடிப்பது, பாதிக்குப் பாதி, 1840ஓடு.

முக்குவர் சட்டம் என்றால் என்ன? அது எங்கே போனது?

தாய்வழிச் சொத்துரிமை. முக்குவர் என்ற மட்டக்களப்புச் சமூகத்தாரிடையே ஒருவர் இறந்தால் முதுசச் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மாமன் சொத்து மருமகனுக்கு. மட்டக்களப்பு நீதிமன்றங்களும் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லி வந்தன.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் அதை முடித்துவைத்தது. சொத்து கணவன், மனைவி, பிள்ளைகள் என்று பிரியும் பொது முறை வந்தது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமையை விட்டுவைத்தார்கள், கண்டியருக்கு அவர்கள் சட்டத்தை விட்டுவைத்தார்கள். கிழக்குக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனாலும் சனங்கள் விடவில்லை. சட்டத்தில் இல்லாததைச் சீதனமாகச் செய்தார்கள். இன்றும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நகராது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக நிற்பவர் எந்தக் குடி என்றால் தாயின் குடி. இதனால் வீடு கட்டக் கடன்படும் தகப்பன்மாரின் பாடு பெரிது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு பெண் தன் வீட்டில் தன் பெயரில் வாழ்கிறாள் என்பது சின்ன விஷயமா?

தேசவழமை எங்களுக்கும் பொருந்துமா?

இல்லை. அது 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்து வழமை. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். அதன் அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் போய் இரண்டேகால் நூற்றாண்டு ஆன பிறகும் அதுதான்.

பெர்மிட் காணி ஏன் மூத்த மகனுக்குப் போனது? எங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்குத்தானே?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அழுதுகொண்டும் வருகிறது. 1935 காணி அபிவிருத்திச் சட்டம்தான் காரணம். பிரித்தானியர் காலத்தில், அரசாங்க சபையில் நம்மவர்கள் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம். குடியேற்றத் திட்டங்களில் பெர்மிட் என்ற அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்கு, தனக்குப் பின் அதைப் பெறும் பின்னுரித்தாளியை உரிமையாளர் பெயர் குறிக்காமல் இறந்தால், பிள்ளைகளில் பெண்ணுக்கு முன் ஆண், இளையவருக்கு முன் மூத்தவர் என்ற வரிசையில் போனது.

என் அயலில் ஒரு குடும்பம். கடைசி மகள்தான் தாயையும் தகப்பனையும் பார்த்தாள், அந்த வளவில் கிணறு வெட்டியதும் அவள் கணவன். தகப்பன் பெயர் குறிக்காமல் போய்விட்டார். பத்து வருடமாக வந்து பார்க்காத மூத்த அண்ணனின் பெயர் பதிவானது. அண்ணன் கெட்டவரல்ல, "தங்கச்சி இரு, நான் ஒண்டும் கேக்கல்ல" என்றார். ஆனால் அவள் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது கையெழுத்து அண்ணனுடையது வேண்டியிருந்தது. அப்புறம் அண்ணனின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மீதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆண் முதல் என்ற அந்த வரிசையை 2022இல்தான் திருத்தினார்கள். அதற்கு முன் பதிவான காணிகளின் மனவருத்தம் அப்படியே கிடக்கிறது. பெர்மிட் காணி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தைப் பதியுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து அம்பாறையைப் பிரித்தது வெள்ளைக்காரர்தானே?

இல்லை. 1833இல் ஐந்து மாகாணமாக வகுத்தபோது கிழக்கு மாகாணத்தை உருவாக்கியது அவர்கள். அம்பாறை மாவட்டம் 1961இல், சுதந்திர இலங்கையில் உருவானது. கல்லோயா என்ற நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் 1949இல் தொடங்கியது, அதுவும் நம் அரசாங்கம். ஆனால் அவ்வளவு பெரிய நிலத்தை யாரிடமும் கேட்காமல் பங்கிட முடிந்ததற்கு வழி போட்டது முடிக்குரிய காணி என்ற பழைய சட்டம். பழியை முழுக்க லண்டனில் கொண்டுபோய்ப் போடுவது கொழும்புக்கு வசதியாகிவிடும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மிஷன் பாடசாலைகள் நன்மையா, தீமையா?

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த போதகர் 1814இல் இங்கே வந்து பாடசாலை தொடங்கினார், ஒரு வருடம் முடியுமுன்பே, 1815 ஏப்ரலில், இறந்துபோனார். அவர் வைத்த விதைதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. மதம் பரப்ப வந்தார்கள் என்பதும் உண்மை, ஏழைப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டினார்கள் என்பதும் உண்மை.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் மிஷன் பாடசாலைகளில் படித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பிறகு விபுலாநந்த அடிகளாகித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து எழுதினார், கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்தார். அவர்கள் கொடுத்த கணிதத்தையும் பௌதிகத்தையும் வாங்கி நம் இசையை அளந்து காட்டினார். எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியாது.

எடுத்துப் போனதைத் திருப்பித் தருவார்களா?

நெதர்லாந்து 2023இல் ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. அதில் ஒன்று, 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்ட அலங்காரப் பீரங்கி. அதே படையெடுப்பின் முடிவில்தான் 1766 உடன்படிக்கை வந்தது, மட்டக்களப்பு உட்படக் கரையோரம் முழுவதும் சட்டப்படி ஒல்லாந்தருக்குப் போனது. பீரங்கி கொழும்புக்கு வந்தது மகிழ்ச்சி. நமக்கு வேண்டியது அவர்கள் ஆவணங்களின் பிரதிகள், தமிழில் மொழிபெயர்த்து, நம் பல்கலைக்கழகங்களின் நூலகத்தில். மன்னிப்பை விட அது பயன்படும்.

எங்கள் குடும்பக் காணியின் பழைய வரலாற்றை எப்படித் தேடுவது?

கையில் இருக்கிற கடைசி உறுதியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். உறுதியின் அட்டவணையில் நாலு எல்லையும் முந்திய உறுதியின் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தோடு காணிப் பதிவகத்துக்குப் போனால் பதிவேட்டின் பக்கத்தைப் பிரதி எடுக்கலாம், அதில் இன்னும் பழைய இலக்கம் கிடைக்கும். பெண் பெயர்கள் வரும் இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், சீதன உறுதி என்றால் குடி வழியும் அதிலேயே தெரியவரும். அளவைப் படம் வேண்டுமென்றால் நில அளவைத் திணைக்களம். ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன, பழைய ஒல்லாந்த எழுத்து என்பதால் வாசிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய தாளைப் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிடாதீர்கள், சூட்டில் எழுத்து போய்விடும். படம் எடுத்து ஒரு பிரதியை மகளிடமும் கொடுத்து வையுங்கள்.